நிலவறைக்குள் இறங்கும் விளையாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலும் நெல்லை டவுனிலும் பழைய பாணி டன்ஜன் கேம்களை ஆடத் தொடங்கியிருக்கும் கல்லூரிப் பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோர், "நாமே ஒன்று செய்தால் என்ன" என்று கிளம்பியிருக்கும் ஒன்றிரண்டு பேர் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு பத்தி போதும். சிலவற்றை அப்படி முடிக்க மனம் வரவில்லை.

இது என்ன மாதிரி விளையாட்டு?

தரைக்குக் கீழே ஒரு பாழடைந்த இடம். மடாலயத்தின் அடியறையாக இருக்கலாம், கோட்டைச் சிறையாக இருக்கலாம். மேலே உள்ள ஊரிலிருந்து கிளம்பி, படியிறங்கி உள்ளே போகிறீர்கள். தளம் தளமாகக் கீழே போகப் போக எதிரிகள் வலுக்கிறார்கள், கிடைக்கும் பொருள்களும் உயர்ந்தவை ஆகின்றன. ஆனால் கையில் இருக்கும் விளக்கும் மருந்தும் உணவும் குறைந்துகொண்டே வரும். "போதும், இனித் திரும்பிவிடலாம்" என்று எந்த இடத்தில் முடிவெடுக்கிறீர்கள் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

பலர் இதைக் கொன்று குவிக்கும் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இது வீடு திரும்பும் விளையாட்டு. இந்த வகைக்கு வழிகாட்டிய இரண்டைப் பாருங்கள். 1980-இல் யூனிக்ஸ் கணினிகளில் வந்த ரோக் விளையாட்டில், 26-ஆம் தளம் வரை இறங்கி யெண்டோரின் தாயத்தை எடுக்க வேண்டும். எடுத்ததும் ஆட்டம் முடியாது, அதைச் சுமந்துகொண்டு ஏறி வெளியே வந்தால்தான் வெற்றி. 1981-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விஸார்ட்ரியிலும் இதே கதைதான்: பத்தாம் தளத்தில் மந்திரவாதி வெர்ட்னாவிடம் இருக்கும் தாயத்தை மீட்டு மேலே கோட்டையில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். படம் என்று பார்த்தால் ஒன்றில் வெறும் எழுத்துகள், மற்றதில் வெறும் கோடுகள். ஆனால் இரண்டிலும் பாதி ஆட்டம் திரும்பும் வழியில் இருந்தது.

கோதிக் பாணி என்கிறார்களே, அது எப்படி இருக்கும்?

கூர்வளைவுகள், மிக உயரமான கூரை, ஒல்லியான நெடிய சன்னல்கள், வண்ணக் கண்ணாடி. 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தொடங்கிய கட்டடக் கலை. இதைப் பார்க்க நாம் கப்பலேற வேண்டியதில்லை. மெய்ஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்துக்குள் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், கூர்வளைவு கண்ணை எப்படி மேலே இழுக்கிறது என்று தெரிந்துவிடும். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு 1826-இல் கட்டிய தூய திரித்துவ ஆலயத்தின் ஊசிக்கோபுரம் தினமும் கண்ணில் படுகிறது. ஒரு கோபுரம் கூர்ந்து உயர்ந்தால் அதைச் சுற்றியுள்ள தெருவே எப்படி மாறிப்போகிறது என்பதற்கு அதுவே போதும்.

அந்தக் கட்டடங்கள் எல்லாம் வெளிச்சத்தை நோக்கிக் கட்டப்பட்டவை. இந்த விளையாட்டுகள் அதை அப்படியே தலைகீழாக்குகின்றன. அதே வளைவு, அதே தூண், ஆனால் சன்னல் இல்லை, ஆள் இல்லை, விளக்கு இல்லை. கண்ணை மேலே இழுக்க வேண்டிய கட்டடம் காலைக் கீழே இழுக்கிறது. 1996 முடிந்து 1997 பிறக்கும் சமயத்தில் வந்த டயாப்லோ இதைச் சரியாகப் பிடித்தது. டிரிஸ்ட்ரம் என்ற சின்ன ஊர், அதன் ஓரத்தில் பாழடைந்த பேராலயம், அதற்கடியில் 16 தளங்கள். முதல் நான்கு ஆலயத்தின் அடியறைகள், அடுத்த நான்கு கல்லறைச் சுரங்கங்கள், அப்புறம் குகைகள், கடைசி நான்கு நரகம். மனிதர் கட்டியதில் தொடங்கி மனிதர் கட்டாததில் போய் முடிகிறது. அந்த வரிசையை யோசித்தவருக்குப் பயத்தின் இலக்கணம் தெரிந்திருக்கிறது.

படம் ஏன் சதுரம் சதுரமாக இருக்கிறது? இன்றைய கணினியில் அழகாகச் செய்ய முடியாதா?

தாராளமாக முடியும். வேண்டுமென்றே செய்யாமல் விடுகிறார்கள். காரணம் புரிய, பழைய இயந்திரங்கள் எப்படி வேலை செய்தன என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

1992-இல் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி, அகலத்தில் 320, உயரத்தில் 200 புள்ளிகள் கொண்ட திரையில் 256 நிறங்களோடு ஓடியது. திரையின் ஒவ்வொரு நெடுக்கு வரிசைக்கும் ஒரு கற்பனைக் கதிரை அனுப்பி, அது எவ்வளவு தூரத்தில் சுவரில் முட்டுகிறது என்று கணக்கிடும். தூரம் கூடினால் அந்த வரிசையில் சுவர் குட்டையாக வரையப்படும். அவ்வளவுதான் சூத்திரம். அதனால்தான் அதில் எல்லாச் சுவரும் ஒரே உயரம், எல்லா மூலையும் செங்கோணம். அடுத்த ஆண்டே வந்த டூம் இதைத் தாண்டியது: தரையும் கூரையும் ஏறி இறங்கின, ஒவ்வோர் அறைக்கும் தனி வெளிச்ச அளவு வந்தது, தூரம் போகப் போக எல்லாம் இருண்டது. நிலவறை விளையாட்டுகளுக்கு அந்த இருட்டு பெரிய வரம்.

பிளேஸ்டேஷனில் வேறு மாதிரி. 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த கிங்ஸ் ஃபீல்ட் ஆடிப் பாருங்கள், அல்லது ஆடுபவர் பக்கத்தில் உட்காருங்கள். நடக்கும்போது சுவர்கள் லேசாக நெளியும், மூலைகள் துள்ளும். அந்தக் கருவி மூலைப்புள்ளிகளை முழுப் பிக்சலில்தான் வைக்கும். சுவரின் மேல் படத்தை ஒட்டும்போது ஆழத்தைக் கணக்கில் எடுக்காது. அன்றைக்கு அது வன்பொருளின் குறை. இன்று அதே நெளிவைச் செயற்கையாக உண்டாக்க நிரல் எழுதுகிறார்கள்.

காரணம் ஏக்கம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தெளிவாகத் தெரியாத உருவத்தை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. பத்துப் பதினைந்து புள்ளிகளில் வரைந்த ஒரு முகம் இருட்டிலிருந்து வரும்போது, அதன் மிச்சத்தை நீங்கள்தான் வரைகிறீர்கள். உங்களுக்கு எது பயமோ அதை வரைவீர்கள்.

ரொம்பப் பயமாக இருக்குமா?

திடுக்கென்று முகத்தில் பாயும் பயம் இவற்றில் குறைவு. மெல்ல ஏறும் பயம் அதிகம். 1987-இல் அடாரி எஸ்டி கணினிக்கு வந்த டன்ஜன் மாஸ்டரில் தீப்பந்தம் எரிந்து தேயும், பசிக்கும், தாகம் எடுக்கும், நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதும் எதிரி நகர்ந்துகொண்டிருப்பான். கதவுக்குப் பின்னால் என்னவோ நடமாடும் சத்தம் கேட்கும். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று நிற்கும் அந்த நேரம்தான் பயம்.

ஒலியை அணைத்துவிட்டு ஆடினால் பாதி போச்சு. டயாப்லோவில் டிரிஸ்ட்ரம் ஊருக்கு மேட் உவல்மன் அமைத்த பன்னிரண்டு தந்தி கிட்டார் இசையைக் கேட்டால், கீழே இறங்கும் முன்பே மனசு கனத்துவிடும். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று போதும், விலை உயர்ந்த திரை வேண்டாம்.

வரைபடம் கையால் வரைய வேண்டுமா? விளையாட்டே காட்டாதா?

இன்று பெரும்பாலும் காட்டும். 1992-இன் அல்டிமா அண்டர்வேர்ல்ட் தானே வரைந்து தந்ததோடு, வரைபடத்தின் மேல் நீங்கள் குறிப்பு எழுதவும் இடம் கொடுத்தது. நிண்டெண்டோ டிஎஸ்-க்கு 2007-இல் வந்த எட்ரியன் ஒடிஸியில் கீழ்த்திரையில் நீங்களே குச்சியால் வரைய வேண்டும். ஜப்பானியர்கள் அதையே விளையாட்டின் உயிராக ஆக்கிவிட்டார்கள். 2012-இல் பின்லாந்திலிருந்து வந்த லெஜெண்ட் ஆஃப் கிரிம்ராக் தானே வரையும். ஆனால் பழைய முறை என்ற தெரிவை எடுத்தால் வரைபடம் மறைந்துவிடும்.

என் பரிந்துரை: ஒரு விளையாட்டையாவது கையால் வரைந்து ஆடுங்கள். கடையில் கிடைக்கும் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். விஸார்ட்ரியின் ஒவ்வொரு தளமும் 20-க்கு 20 கட்டம். பத்துத் தளம் என்றால் மொத்தம் 4000 கட்டங்கள். ஒரு தளத்துக்கு ஒரு பக்கம். நீங்கள் நுழையும் படிக்கட்டு இடது கீழ் மூலையில். ஓர் அடி நடந்தால் ஒரு கட்டம்.

குறியீடுகளைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். கதவுக்கு க, படிக்கட்டுக்குப் ப, சுழலும் தரைக்குச் சு, பள்ளத்துக்குப் பள். எதிரில் கண்டது எது என்பதைப் பக்க ஓரத்தில் எழுதுங்கள். பென்சில்தான், பேனா வேண்டாம். ஏனென்றால் விளையாட்டு உங்களை ஏமாற்றும்.

எப்படி ஏமாற்றும் என்றால், சில கட்டங்களில் கால் வைத்ததும் நீங்கள் அறியாமலே திசை திரும்பிவிடும். வடக்கே போவதாக நினைத்துக் கிழக்கே நடப்பீர்கள். சில கட்டங்கள் சத்தமில்லாமல் தளத்தின் வேறு மூலைக்குத் தூக்கிப் போடும். சில பகுதிகளில் விளக்கே எரியாது. விளிம்பைத் தாண்டினால் எதிர் விளிம்பில் வந்து சேர்வீர்கள், நோட்டிலோ தாள் முடிந்திருக்கும். விஸார்ட்ரியில் டுமாபிக் என்று ஒரு மந்திரம் உண்டு. நிற்கும் இடத்தைச் சொல்லும். சந்தேகம் வந்தால் உடனே போடுங்கள், கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒரே மாதிரித் தாழ்வாரம் இரண்டாவது முறை வருகிறதே என்று தோன்றினால், தோன்றியதை நம்புங்கள்.

நேரில் ஆடிப் பழகினால் மட்டும் தெரியும் ஒன்று உண்டு. தளம் முழுக்க வரைந்து முடித்த பிறகு நோட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் அறைகள் சூழ, நடுவில் இரண்டு கட்டம் மட்டும் காலியாக இருந்தால், அங்கே ரகசிய அறை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சுற்றியுள்ள சுவர்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கணினி வரையும் வரைபடம் உங்களை அப்படிப் பார்க்க வைக்காது. கை வரைந்ததைத்தான் கண் கேள்வி கேட்கும்.

இதற்குப் பயிற்சி வேண்டுமென்றால் நெல்லையப்பர் கோவிலுக்குப் போங்கள். சுவாமி சன்னதியிலிருந்து சங்கிலி மண்டபம் வழியாகக் காந்திமதி அம்மன் சன்னதிக்கு நிதானமாக நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரையுங்கள். எந்தத் திருப்பத்தில் எந்தச் சிற்பம், எங்கே வெளிச்சம் விழுகிறது, எங்கே இருட்டு என்று எழுதுங்கள். மறுமுறை போகும்போது சரிபாருங்கள். வழி நினைவில் நிற்பது அடையாளங்களால்தான், தூரத்தால் இல்லை என்று புரியும். நல்ல நிலவறையை வடிவமைப்பவர்கள் பிடித்துக்கொண்டிருப்பதும் அதையேதான்.

செத்தால் எல்லாம் போய்விடுமா?

சிலவற்றில் போய்விடும். ரோக்கில் செத்தால் செத்ததுதான். சேமித்த கோப்பும் மிஞ்சாது, புதிதாகத் தொடங்கினால் தளங்களும் புதிதாக இருக்கும். விஸார்ட்ரியில் கொஞ்சம் இரக்கம் உண்டு. செத்தவரை ஊர்க் கோவிலுக்குத் தூக்கிவந்து பணம் கட்டி உயிர்ப்பிக்கலாம். அது தவறினால் அவர் சாம்பலாவார். சாம்பலிலிருந்து எழுப்புவதும் தவறினால் என்றென்றைக்கும் இல்லை. உங்கள் குழுவின் ஆறு பேரும் உள்ளேயே விழுந்துவிட்டால் உடல்கள் அங்கேயே கிடக்கும். புதிதாக ஒரு குழுவை வளர்த்து, அதே இடத்துக்கு இறங்கி, அவர்களைத் தூக்கி வர வேண்டும். வரைபடம் சரியாக இருந்தால்தான் அது நடக்கும்.

இந்தக் கடுமையை நான் ஆதரிக்கிறேன். இழக்க ஒன்றும் இல்லாவிட்டால் திரும்பிப் போவதா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் வேலையும் படிப்பும் உள்ளவர்கள், சேமிக்க விடும் விளையாட்டை எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. மின்வெட்டு வரக்கூடிய நேரத்தில் பேட்டரி போன கணினியில் கடும் ஆட்டம் ஆடாதீர்கள்.

எதில் தொடங்குவது?

போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஷாட்டர்ட் பிக்சல் டன்ஜன். ஆண்ட்ராய்டில் இலவசம், மூல நிரல் திறந்தது, இணையம் இல்லாமலும் ஓடும். ரோக்கின் அதே யெண்டோர் தாயத்து இதிலும் இருக்கிறது, அதே 26-ஆம் தளத்தில். கணினி இருந்தால் கிரிம்ராக். கட்டம் கட்டமாக நடப்பது, புதிர், எதிரி எல்லாம் அளவாக இருக்கும். கையில் வேகம் வேண்டும் என்பவர்களுக்கு டயாப்லோ.

விஸார்ட்ரியின் 1981 பதிப்பில் நேராக இறங்காதீர்கள். 2024-இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் செய்த மறு ஆக்கம் இருக்கிறது, பழைய ஆப்பிள் 2 திரை எப்படி இருந்தது என்பதையும் கூடவே காட்டும். கிங்ஸ் ஃபீல்ட் மிக மெதுவாக நகரும். அதைக் கடைசியாக வையுங்கள், ஆனால் தவற விடாதீர்கள். அந்த மெதுவில்தான் அதன் அழகு.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான் இருக்கிறது. ஓடுமா?

ஓடும். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரம் இன்னும் உயிரோடு இருந்தால், டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு 1980-களும் 90-களும் தந்த விளையாட்டுகளை டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓட்டலாம். 1991-இன் ஐ ஆஃப் தி பிஹோல்டரை ஸ்கம்விஎம் என்ற இன்னோர் இலவச மென்பொருள் ஓட்டும். நெட்ஹேக், பிரோக், டன்ஜன் கிரால் ஸ்டோன் சூப் என்ற ரோக் பாணி விளையாட்டுகள் மூன்றுக்கும் காசே வேண்டாம். டயாப்லோ 2019 முதல் ஜிஓஜி என்ற இணையக் கடையில் முறைப்படி விற்பனைக்கு இருக்கிறது. பென் டிரைவில் யாரோ தரும் கோப்புகளை வாங்கி ஓட்டாதீர்கள். அவற்றோடு வேறு என்ன வரும் என்று தெரியாது, உழைத்தவருக்கும் எதுவும் போய்ச் சேராது.

என் மகன் ராத்திரி உட்கார்ந்து கல்லறை, பேய் என்று ஆடுகிறான். பயப்பட வேண்டுமா?

அம்மா, முதலில் வயதைப் பாருங்கள். டயாப்லோ போன்றவற்றில் ரத்தமும் கோரமும் உண்டு; அமெரிக்காவில் அதற்கு 17 வயதுக்கு மேல் என்றுதான் தர மதிப்பீடு. பள்ளிப் பிள்ளைக்கு அது வேண்டாம். முன்னே சொன்ன பிக்சல் டன்ஜன் அவ்வளவு கடுமை இல்லாதது. அடுத்து நேரம். ஒரு தளம் முடிந்ததும் நிறுத்தலாம் என்று பேசி வையுங்கள். இந்த விளையாட்டுகள் தளம் தளமாக இருப்பதால் நிறுத்த இயல்பான இடம் கிடைக்கும்.

பேய்க்கதை கேட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற கவலைக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். சுடலைமாடன் கதையையும் இசக்கி கதையையும் கோவில் கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டாகக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. அந்தக் கதைகளில் இல்லாத ரத்தமா, மயானமா? கூட இருந்து கேட்ட பெரியவர்கள் இருந்ததால் அது நமக்குப் பயமாக மட்டும் நின்றுவிடவில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு, ஏன் கீழ போற?" என்று கேளுங்கள். நோட்டை எடுத்து வரைபடத்தைக் காட்டுவான்.

நம்ம ஊரை வைத்து ஒரு நிலவறை விளையாட்டு செய்யலாமா?

கட்டாயம் செய்யலாம், செய்ய வேண்டும். ஐரோப்பியக் கோட்டையை நகலெடுத்து அதில் வேட்டி கட்டிய ஆளை நடக்க விட்டால் அது நம் விளையாட்டு ஆகாது. நம் இருட்டு வேறு. அது குளிர்ந்த மூடுபனி இல்லை. புழுக்கம், வௌவால் வாடை, எண்ணெய்ப் பிசுக்கேறிய கல், வெறுங்காலில் படும் ஈரம். அரிக்கேன் விளக்கின் மஞ்சள் வட்டம் தீப்பந்தத்தின் வெளிச்சம் மாதிரி ஆடாது, கைக்கு ஏற்ப ஊசலாடும். இதையெல்லாம் கவனித்துச் செய்தால் பார்ப்பவருக்கு முதல் நிமிஷத்திலேயே ஊர் தெரிந்துவிடும்.

கதைக்கும் பஞ்சமில்லை. எனக்கு மிகவும் பிடித்த யோசனை ஊமைத்துரை. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டு, 1801 பிப்ரவரி 2 அன்று அங்கிருந்து தப்பினார். தப்பிப் போய், இடிக்கப்பட்டுக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார்கள். இதை அப்படியே விளையாட்டாக யோசியுங்கள். ஆட்டம் அடித்தளத்தில் தொடங்குகிறது, மேலே ஏறுவதுதான் வேலை. காவலர் நடமாட்டத்தைக் காதால் கேட்டுக் கணிக்க வேண்டும். ஊமைத்துரை வாய் பேசாதவர் என்பது மரபு. அதனால் விளையாட்டில் உரையாடலே இல்லாமல் சைகையால் மட்டும் கூட்டாளிகளை நடத்தலாம். வெளியே வந்த பிறகு கோட்டை கட்டுவது இரண்டாம் பாகம். வழக்கமான நிலவறை விளையாட்டில் ஊர் முதலிலேயே இருக்கும். இதில் ஊரை நீங்கள்தான் எழுப்ப வேண்டும்.

இன்னொன்று கழுகுமலை வெட்டுவான் கோவில். பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கி, முடிக்காமல் விட்டது. மேல் தளம் நுணுக்கமாகவும் கீழே போகப் போக வெறும் பாறையாகவும் மாறும் ஒரு நிலவறையை நினைத்துப் பாருங்கள். உளி எங்கே நின்றதோ அங்கே வழியும் நிற்கும். நெல்லையப்பர் கோவிலின் இசைத்தூண்கள் ஒலிப்புதிருக்கு என்றே அமைந்தவை: எந்தத் தூணைத் தட்டினால் எந்தச் சுரம் என்று காதால் நினைவு வைத்தால்தான் கதவு திறக்கும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளைப் புதையல் பெட்டிகளாக வைக்காதீர்கள். அவை நம் முன்னோரைப் புதைத்த இடங்கள். 1876-இல் ஜெர்மனியரான யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899-க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். உடைத்தால் தங்கம் என்ற விதியை அந்த மண்ணில் வைத்துச் செய்ய எனக்கு மனம் ஒப்பாது. தாழியைத் திறக்காமல் கடந்து போனால் விளக்கு நீடிக்கும் என்று விதியை மாற்றி எழுதிப் பாருங்கள், ஆட்டமே வேறாகிவிடும்.

அடுத்து, சுடலையையும் இசக்கியையும் பேச்சியையும் வெட்டிச் சாய்க்கும் எதிரிகளாக வைப்பது. அவர்கள் இன்றும் கொடை வாங்கும் தெய்வங்கள், பல வீடுகளுக்குக் குலதெய்வம். டயாப்லோவின் பூதங்களை வணங்க யாரும் இல்லை. இங்கே கதை அப்படி இல்லை. ஆனால் கொடையின் அமைப்பிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு. சாமக்கொடையில் சாமியாடி நள்ளிரவில் தனியாக மயானத்துக்குப் போவார், ஊர் முழுக்கக் காத்திருக்கும், அவர் திரும்பி வந்த பிறகுதான் மேற்கொண்டு எல்லாம். வெளிச்சமுள்ள பந்தல், இருட்டான வழி, திரும்பும் வழி, மகுடம் என்ற தோற்கருவியின் தாளம் தூரத்திலிருந்து கேட்பது. நீங்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள் என்பதை அந்தத் தாளத்தின் அளவை வைத்தே விளையாட்டு சொல்லலாம். வரைபடமே வேண்டாம்.

எந்தக் கருவியில் செய்வது? தமிழ் எழுத்து உடையாமல் வருமா?

விளையாட்டு உருவாக்க உதவும் கோடோ என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். அதன் 4-ஆம் பதிப்பு, 2023 மார்ச்சில் வந்தது, தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும். அதற்கு முந்தைய பதிப்புகளில் கெ, கொ போன்றவை சிதறும். காரணம், ஒற்றைக் கொம்பு கணினியில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும் திரையில் முன்னால் வர வேண்டும். கொ என்றால் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பகுதி பழைய பதிப்புகளில் இல்லை.

பழைய பாணிக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்தை 8-க்கு 8 புள்ளியில் அடக்கிவிடலாம். நம் ணை, ஞௌ, னூ எல்லாம் அதில் அடங்காது. 16 புள்ளி உயரம் எடுத்துக்கொள்ளுங்கள், அகலத்தை எழுத்துக்கு எழுத்து மாற விடுங்கள். திரையில் சொற்களைக் குறைத்து எழுதுங்கள்.

அளவைச் சின்னதாக வையுங்கள். 10-க்கு 10 கட்டம், ஒரு விளக்கு, இரண்டு எதிரி, ஒரு படிக்கட்டு. அது முடிந்து, ஆடி, பயமாக இருந்தால்தான் அடுத்த தளம். ஏழு நாளில் ஒரு ரோக் பாணி விளையாட்டு செய்யும் உலகளாவிய சவால் 2005 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. கெடு வைத்து வேலை செய்ய அது நல்ல வழி.

நாங்கள் நான்கு பேர், ஒரே கணினி. சேர்ந்து ஆட முடியுமா?

இந்த விளையாட்டுகளுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. டன்ஜன் மாஸ்டரில் 24 வீரர்களிலிருந்து நான்கு பேர் வரை தேர்ந்தெடுக்கலாம். ஆளுக்கு ஒருவரை எடுத்து, அவரைப் பற்றிய முடிவை அவரவரே எடுங்கள். ஒருவர் விசைப்பலகையில், ஒருவர் நோட்டில், ஒருவர் மருந்தும் உணவும் எவ்வளவு மிச்சம் என்று கணக்கில். நான்காவது ஆளுக்கு ஒரே பொறுப்பு: "போதும், மேல வாங்கலே" என்று சொல்வது. அவர் சொன்னால் மற்ற மூவரும் கேட்டே ஆக வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தளம் மாறும்போது பொறுப்பையும் மாற்றிக்கொள்ளுங்கள், நோட்டு மட்டும் ஒருவர் கையிலேயே இருக்கட்டும். ஒரே கையெழுத்தில் இருந்தால்தான் குறியீடு குழம்பாது.